நோட்டில் எழுதாத சொல்

"எல்லாமே சரியாத்தான் செஞ்சிருக்கேன். அப்புறம் ஏன் சரியாகலை?"

தவமணி அக்கா எங்கள் மடத்துக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கேட்ட கேள்வி இது.

மடம் என்றால் விபூதி, சாம்பிராணி எல்லாம் கிடையாது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடி அறை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் பிடித்தவர்கள் ஐந்தாறு பேர் ஞாயிறு காலையில் அங்கே கூடுவோம். ஒருத்தர் கம்ப்யூட்டரில் இருக்கும் சிக்கலை மற்றவர்கள் தீர்ப்போம். பல நாள் புதிதாக ஒரு சிக்கலைச் சேர்த்து அனுப்பி வைப்போம். கீழே தகரம் அடிக்கிற சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. அது ஒருவகையில் நல்லதுதான்.

எங்கள் குரு வெள்ளிங்கிரி. வயது முப்பத்தொன்று. அதே பட்டறையில் லாரிகளுக்கு வயரிங் செய்கிறவர். குரு என்று கூப்பிட்டால் அவருக்குக் கடுப்பாகும். அதற்காகவே கூப்பிட ஆரம்பித்தோம், அப்படியே நிலைத்துவிட்டது.

மடத்துக்கு ஒரே ஒரு விதி. அடுத்தவர் கீபோர்டில் கை வைக்கக் கூடாது. வாயால் சொல்லலாம். தட்ட வேண்டியது உரியவர்தான். யாராவது பொறுமை இழந்து லாப்டாப்பைத் தன் பக்கம் தள்ளினால் வெள்ளிங்கிரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். அதற்கு மேல் அவரை அசைக்க முடியாது.

தவமணி அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அரசு பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சர். புத்தம் புது லாப்டாப்பைப் பழைய போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"என்ன பண்ணுது?" என்று கேட்டேன்.

"எல்லாம் வருது. ஆனா மெதுவா வருது. மவுசை நகர்த்தினா அது யோசிச்சுட்டு அப்புறம் நகருது."

பார்த்ததுமே எங்களுக்குப் புரிந்துவிட்டது. லாப்டாப் ரொம்பப் புதுசு. அதிலிருக்கும் கிராபிக்ஸ் சிப் அதைவிடப் புதுசு. திரையில் படம் வரைவது அந்தச் சிப்பின் வேலை. அதை எப்படி வேலை வாங்குவது என்று லினக்ஸுக்குத் தெரியவில்லை. அதனால் அது பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருக்க, அதன் வேலையையும் சேர்த்து ஒற்றை ஆளாக மெயின் சிப் செய்துகொண்டிருந்தது. ஃபேன் ஓடுகிற சத்தம் கீழே தகரம் அடிப்பதற்குப் போட்டியாக இருந்தது.

"எதுக்குங்க அக்கா இவ்வளவு புது லாப்டாப்?"

"வீட்டு உபயோகத்துக்கு" என்றார்.

அன்றைக்கு அவர் சொல்லாததை நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கதை சொல்கிறேன் பேர்வழி என்று அதை ஒளித்து வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நரம்பில் வந்த ஒரு நோயால் முதலில் கை போனது, பிறகு கால். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பேச்சும் போனது. மிச்சம் இருந்தது இரண்டு கண். ஒரு கல்லூரிப் பிள்ளைகள் லினக்ஸில் எழுதிக் கொடுத்த ஒரு புரோகிராம் வீட்டில் இருந்தது. திரையில் எழுத்துகள் கட்டம் கட்டமாக இருக்கும். லாப்டாப் கேமரா அவர் கண்ணைப் பார்க்கும். அவர் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அங்கே ஒரு கறுப்புப் புள்ளி போய் நிற்கும். ஒரு நொடி அங்கேயே பார்த்தால் அந்த எழுத்து விழும். அப்படித்தான் அவர் ஒன்றரை வருஷம் பேசினார்.

பழைய லாப்டாப் ஒருநாள் அணைந்துபோய் எழவே இல்லை. புதியதில் புள்ளி பின்தங்கியது. அவர் 'த'வைப் பார்ப்பார். புள்ளி அங்கே போய்ச் சேரும்போது அவர் கண் வேறொரு எழுத்துக்கு வந்திருக்கும். விழுவது மூன்றாவதாக ஒன்று. தண்ணீர் கேட்க நினைத்தால் திரையில் வாய்க்கு வராத ஏதோ ஒன்று நிற்கும். இரண்டு நாள் முயன்றார். மூன்றாம் நாள் திரையைக் கொண்டுபோய் வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

ஆமாம் என்றால் ஒரு முறை இமைப்பார், இல்லை என்றால் இரண்டு முறை. அவ்வளவுதான். கேட்டால் பதில் சொல்ல முடியும், தானாக எதையும் கேட்க முடியாது. அக்கா எங்களிடம் வந்தது அதற்கு ஒன்பதாம் நாள்.

இதில் ஒரு எழுத்துகூட எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பாட்டுக்கு மருந்து கொடுத்தோம்.

புதுக் கெர்னல் போடுங்கள் என்றேன் நான். கெர்னல் என்பது லினக்ஸின் அடி மனசு. புதிய சிப்பைப் பற்றி அதற்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். "அது மூணாம் நாளே போட்டுட்டேன், நெட்டுல நீங்கதான் எழுதியிருந்தீங்க" என்று என்னிடமே சொன்னார். சிப்புக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர் என்ற புரோகிராமைப் புதுசாகப் போடுங்கள் என்றார் இன்னொருவர். அதுவும் போட்டாயிற்று. அதைக் கழற்றிவிட்டு இதைப் போடுங்கள் என்றார் மூன்றாமவர். போட்டுக் கழற்றி மறுபடி போட்டாயிற்று.

வெள்ளிங்கிரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மேலே வந்தார்.

"தம்பி, நீங்கதான் குருவா?"

"இவங்க பேச்சைக் கேக்காதீங்க அக்கா. என்ன பிரச்சினை?"

அக்கா அதே கேள்வியைக் கேட்டார். எல்லாமே சரியாகச் செய்திருக்கிறேன், ஏன் சரியாகவில்லை.

"முதல் நாள் என்ன செஞ்சீங்க?"

"லினக்ஸ் போட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"பெட்டியைப் பிரிச்சேன்."

நாங்கள் சிரித்தோம். வெள்ளிங்கிரி சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை.

"முதல்ல இருந்து என்னென்ன செஞ்சீங்கன்னு ஒரு நோட்டுல எழுதிக் கொண்டுவாங்க" என்றார்.

"நீங்களே ஒருதரம் பாத்துருங்களேன்" என்று லாப்டாப்பை அவர் பக்கம் தள்ளினார் அக்கா.

கை இரண்டும் பின்னால் போனது. அதே நேரம் கீழே இருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அன்று மதியம் கிளம்ப வேண்டிய லாரி ஒன்றுக்குப் பின்விளக்கு எரியவில்லையாம். போய்விட்டார்.

"என்னங்க இவரு, வந்தாரு, பெட்டியப் பிரிச்சியான்னு கேட்டாரு, போயிட்டாரு" என்றார் அக்கா என்னிடம்.

"எங்களுக்கும் பாதி நாள் புரியாதுங்க அக்கா" என்றேன். அது நிஜம்.

அடுத்த ஞாயிறு அக்கா நோட்டோடு வந்தார். லாப்டாப் வரவில்லை. ஏன் என்று கேட்டோம். வீட்டில் வேண்டியிருக்கிறது என்றார். அவர் இல்லாத நேரத்தில் வீட்டுக்காரர் ஒருவேளை கண்ணைத் திறந்து முயன்று பார்ப்பார் என்று அதைக் கட்டில் பக்கத்திலேயே திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். அதுவும் எங்களுக்குத் தெரியாது.

நோட்டு என்றால் நோட்டு. பள்ளிக்கூட லேப் ரெக்கார்டு மாதிரியே கோடு போட்டு மூன்று பத்தி. சோதனை, உற்றுநோக்கல், முடிவு. பதினான்கு சோதனை. தேதி, நேரம். பதினான்குக்கும் முடிவுப் பத்தியில் ஒரே வார்த்தை, 'மாற்றமில்லை'. கையெழுத்து மட்டும் போகப் போக மோசமாகிக்கொண்டே வந்திருந்தது.

வெள்ளிங்கிரி நிதானமாகப் படித்தார். பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல ஒண்ணு விட்டுப்போச்சுங்க அக்கா."

"எது?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் அங்க இல்லையே."

அக்காவுக்கு முகம் சிவந்தது. "தம்பி, இருபத்தஞ்சு வருஷமா பிள்ளைங்களுக்கு ரெக்கார்டு திருத்தறேன். ஒண்ணு விடாம எழுதியிருக்கேன்."

"உங்க லேப்ல பிள்ளைங்க வந்ததும் முதல்ல என்ன செய்வாங்க?"

"டெஸ்ட் டியூபைக் கழுவுவாங்க."

"அதை ரெக்கார்டுல எழுதுவாங்களா?"

"அதை யாரு எழுதுவா?"

அக்கா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

"அடுத்த வாரம் மெஷினையும் கொண்டுவாங்க" என்றார் வெள்ளிங்கிரி.

"இப்ப டெஸ்ட் டியூபு எதுக்கு வந்துச்சு இங்க" என்று முனகிக்கொண்டே அக்கா படி இறங்கினார். எனக்கும் அதே சந்தேகம்தான். கேட்டால் மரியாதை போய்விடும் என்று பேசாமல் இருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு அக்கா வரவில்லை. எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி மட்டும் வந்தது. 'முயற்சியை விட்டுவிட்டேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.'

வெள்ளிங்கிரி அதை இரண்டு முறை படித்தார்.

"வீட்டு உபயோகம்னு சொன்னாங்களே. என்ன உபயோகம்?"

யாருக்கும் தெரியவில்லை.

"யாராச்சும் கேட்டீங்களா?"

எந்த மாடல் என்று கேட்டிருந்தோம். எவ்வளவு மெமரி என்று கேட்டிருந்தோம். எந்தக் கெர்னல், எந்தப் பதிப்பு, எல்லாம் கேட்டிருந்தோம்.

"நானும் கேக்கலை" என்றார். பிறகு என் வண்டிச் சாவியை எடுத்து என்னிடமே நீட்டினார். "ஸ்டுடியோக்காரரே, கிளம்புங்க."

எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. அதனால் அந்தப் பெயர்.

அக்கா கதவைத் திறந்தபோது கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார். உள்ளே வராதீர்கள் என்று சொல்லவும் முடியவில்லை, வாங்க என்று சொல்லவும் மனசு வரவில்லை. கூடத்தில் கட்டில் தெரிந்தது. கட்டிலில் சாய்ந்தபடி நாச்சிமுத்து. எதிரே ஒரு இரும்புத் தாங்கியில் அந்தப் புது லாப்டாப். திரையில் எழுத்துக் கட்டங்கள். கறுப்புப் புள்ளி ஒரு மூலையில் வேலையில்லாமல் நின்றது.

இரண்டு வாரமாக நான் இதை வைத்துத்தான் நகைச்சுவை செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அக்கா எங்களைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் நோயையும், கண்ணால் பேசினதையும், இருபத்துமூன்று நாளாகப் பேசாததையும் சொன்னார். குரல் இறங்கிவிட்டது.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். "என் பழைய லாப்டாப்பையே தூக்கிக் கொடுத்திருப்பேனே."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லலை?"

அக்கா குழாயைத் திறந்தார். கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவினார். கழுவினதையே மறுபடி கழுவினார். பிறகு வெள்ளிங்கிரியைப் பார்த்துப் பேசினார்.

"தம்பி, அவரு கூட முப்பது வருஷமா வண்டி ஓட்டினவரு காளியண்ணன்னு ஒருத்தர். ரெண்டு பேரும் ஒரே வண்டில வடக்க போவாங்க, ஒரே தட்டுல சாப்பிடுவாங்க. இவருக்குப் பேச்சு போனப்ப டாக்டர் சொன்னாரு, கொஞ்ச நாளைக்கு மனசு கலங்கற மாதிரி எதையும் இவருகிட்ட சொல்லாதீங்கன்னு. சரின்னேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி காளியண்ணன் தவறிட்டாரு. நெஞ்சு வலி. நான் சொல்லலை."

"ம்."

"தினமும் கேப்பாரு. காளி வந்தானா, காளி வந்தானா. லோடு ஏத்திட்டுக் குஜராத் போயிருக்காருன்னு சொல்லுவேன். எட்டு மாசமா குஜராத் போயிருக்காரு." கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். "அந்தப் பழைய லாப்டாப் செத்த அன்னைக்கு, அப்பாடா, இன்னிக்கு அவரு கேக்க மாட்டாருன்னு தோணிச்சு. ஒரு நிமிஷம்தான். அப்புறம் என்னை எனக்கே பிடிக்கலை. உடனே போயிப் புதுசு வாங்கினேன். பதினாலு தரம் சரி பண்ணப் பாத்தேன். ஒவ்வொரு தரமும் சரியாகணும்னுதான் செஞ்சேன். சரியாகலைன்னதும் ஒரு மாதிரி மூச்சு வந்துச்சு. எனக்கு என்ன வேணும்னே எனக்குத் தெரியலை தம்பி. குழம்பிப்போய்க் கிடக்கேன்."

அழுதார். நான் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளிங்கிரி அவர் அழுது முடிக்கிற வரை காத்திருந்தார்.

"அக்கா, இது ஏன் ஓடலைன்னு யார் யார்கிட்டயெல்லாம் கேட்டீங்க?"

"கேக்காத ஆள் இல்லை. உங்ககிட்ட, இவருகிட்ட, நெட்டுல முகம் தெரியாதவங்ககிட்ட எல்லாம் கேட்டேன்."

"மெஷின்கிட்ட?"

அக்கா விழித்தார். நானும்தான்.

"அதுகிட்ட எப்படிக் கேக்கறது?"

"வாங்க, சொல்றேன்."

கூடத்துக்கு வந்தோம். நாச்சிமுத்துவுக்கு வெள்ளிங்கிரி வணக்கம் சொன்னார். "லாரி வயரிங் பண்றவனுங்க நான்" என்றார். அந்தக் கண்கள் அவர் மேல் நின்றன. ஒரு முறை இமைத்தன.

அக்கா லாப்டாப்பைத் தாங்கியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"லினக்ஸ் எழும்போது அதுக்கு ஒரு வரி சொல்லி எழுப்புவாங்க அக்கா. இதைச் செய், இதைச் செய்யாதேன்னு. அதைக் கேட்டுக்கிட்டுத்தான் எழும். என்ன சொன்னாங்கன்னு கேட்டா அப்படியே திருப்பிச் சொல்லும். பொய் சொல்லாது."

என்ன தட்டுவது என்று சொன்னார். அக்கா தட்டினார். ஒற்றை வரி வந்தது. நீளமாக, எண்ணும் எழுத்துமாக.

"கடைசி வார்த்தை என்னங்க?"

அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "நோமோட்செட்."

எனக்கு முதுகில் யாரோ தட்டின மாதிரி இருந்தது. லினக்ஸ்காரன் எவனும் மறக்கக் கூடாத வார்த்தை அது. கிராபிக்ஸ் சிப்பைத் தொடாதே, அது பக்கமே போகாதே என்று அர்த்தம்.

"இது எப்ப போட்டீங்க?"

"இதையா? நான் இதைப் போடவே இல்லையே." நிறுத்தினார். நெற்றியைச் சுருக்கினார். "இருங்க. முதல் நாளு, லினக்ஸ் போட பென்டிரைவைச் சொருகினதும் திரை கறுப்பாயிடுச்சு. நெட்டுல பாத்தேன். இந்த வார்த்தையச் சேத்தா திரை வரும்னு இருந்துச்சு. சேத்தேன், வந்துச்சு. ஆனா தம்பி, அது போடும்போது ஒரே ஒரு தரம் தட்டினது. அதுக்கப்புறம் நான் தட்டவே இல்லை."

"நீங்க ஒரு தரம்தான் சொன்னீங்க. அது உங்க பேச்சை மறக்கலை. போடும்போதே அந்த வார்த்தையையும் சேத்து எழுதி வெச்சுக்கிச்சு. அன்னையிலிருந்து ஒவ்வொரு தரமும் அதைக் கேட்டுக்கிட்டேதான் எந்திரிக்குது."

"அப்ப நான் போட்ட பதினாலும்?"

"மூணாவதும் அஞ்சாவதும் சரியான மருந்துதான். போட்ட அன்னைக்கே சிப்பு தெரிஞ்சிருக்கும். தொடாதேன்னு உத்தரவு இருக்கே, எப்படித் தொடும்?"

மூன்றாவது என்னுடைய மருந்து. அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம் எட்டிப் பார்த்ததை மறைக்க விரும்பவில்லை.

அக்கா அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படி ஒரு முட்டாள்தனம் பண்ணியிருக்கேனே."

"முட்டாள்தனம் இல்லைங்க அக்கா. பென்டிரைவுல இருந்தது பழைய கெர்னல். இந்தச் சிப்பை அது பாத்ததே இல்லை. அன்னைக்கு அந்த வார்த்தை இல்லைன்னா இது எழுந்தே இருக்காது. நல்ல வார்த்தைதான்."

"அப்ப எடுக்கணுமா, வேண்டாமா?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

"எடுத்தா சரியாயிடுமா?"

"ஆகும்னு நினைக்கறேன். ஆகாமலும் போலாம்."

"ஆகலைன்னா?"

"திரை கறுப்பாயிடும். மறுபடி சேத்துக்கலாம்."

அக்கா கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். நாச்சிமுத்துவின் கண் அவர் மேலேயே இருந்தது. கூடத்தில் நாங்கள் பேசியது எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். சமையலறையில் பேசியது விழுந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. வீடு சின்ன வீடு.

"தம்பி, நீங்களே எடுத்துருங்க." லாப்டாப்பை நீட்டினார். "எனக்குப் பயமா இருக்கு."

வெள்ளிங்கிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. இந்த நேரத்தில்கூட என்ன விதி என்று நினைத்தேன். நானே வாங்கித் தட்டிவிடலாமா என்றுகூட ஒரு எண்ணம். ஆனால் அக்கா லாப்டாப்பை மறுபடி மடியில் வைத்துவிட்டார். வெள்ளிங்கிரி சொல்லச் சொல்ல அந்த வரி இருக்கிற கோப்பைத் திறந்தார். வார்த்தையின் கடைசி எழுத்துக்குப் பின்னால் போய் நின்றார். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். சேமித்தார். இன்னொரு கட்டளை தட்டினார். பிறகு அணைத்து எழுப்பினார்.

திரை கறுத்தது.

கறுப்பாகவே இருந்தது. அக்கா என் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார், அது என் முட்டி என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நான் பத்து வரை எண்ணினேன்.

பிறகு திரை வந்தது. எழுத்தெல்லாம் கூர்மையாக, ஓரம் பிசிறு இல்லாமல். ஃபேன் சத்தம் குறைந்து குறைந்து நின்றே போனது. அதன் பிறகுதான் அந்த வீட்டில் ஒரு சுவர்க்கடிகாரம் ஓடுவதே எனக்குக் கேட்டது.

அக்கா லாப்டாப்பைத் தாங்கியில் பொருத்தினார். எழுத்துக் கட்டங்கள் வந்தன. நாச்சிமுத்து கண்ணை மூடியிருந்தார்.

"ஒரு தரம் பாருங்க" என்றார் அக்கா. "ஒரே ஒரு தரம். இல்லைன்னா எடுத்துடறேன்."

கண் திறந்தது. கறுப்புப் புள்ளி துள்ளி எழுந்தது. அவர் இடது பக்கம் பார்த்தார், அது இடது பக்கம் வந்தது. மேலே பார்த்தார், மேலே போனது. எங்கே பார்த்தாலும் உடனே அங்கே இருந்தது. நாலைந்து முறை சும்மா அங்கும் இங்கும் ஓட்டினார். வண்டி கைக்கு வந்ததா என்று ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்ப்பது மாதிரி.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு அவர் எழுத ஆரம்பித்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பெயர் முழுதாக வந்ததும் அக்காவின் தோள் இறங்கியது.

'காளி'

"அவரு லோடு ஏத்திட்டு" என்று அக்கா தொடங்கினார். எட்டு மாசத்துப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது.

நாச்சிமுத்து அவர் பக்கம் திரும்பவில்லை. புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது. மூன்று நிமிஷம் ஆகியிருக்கும்.

'காளி என்னைக்குச் செத்தான்'

அக்கா அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

ஒரு முறை இமைத்தார்.

"யாரு சொன்னா?"

கண் மறுபடி எழுத்துகளுக்குப் போனது.

'தெருமுனைல ஹாரன் அடிப்பான். எட்டு மாசமா அடிக்கல'

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. தெரிந்த மனிதர் ஏன் தினமும் கேட்டார்? தெரியாத மாதிரி ஏன் குஜராத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்? அக்கா அவர் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், வெள்ளிங்கிரியைப் பார்த்தார். மடத்துக்கு முதல் நாள் வந்தபோது இருந்த அதே முகம்.

"தெரிஞ்சுக்கிட்டேவா தம்பி தினமும் கேட்டாரு? என்கிட்ட எதுக்குக் கேட்டாரு?"

வெள்ளிங்கிரி திரைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

திரையில் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது. என்னைக்கு. நாச்சிமுத்து இப்போது எழுத்துகளைப் பார்க்கவில்லை. அக்கா வாயால் சொல்லட்டும் என்று காத்திருப்பவர் மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னால முடியாது" என்றார் அக்கா, எங்கள் பக்கம் திரும்பி, மெதுவாக. "நான் வாயத் தொறந்தா உடைஞ்சுபோயிடுவேன். தம்பி, நீங்க சொல்லிருங்க. ஆடி அமாவாசைக்கு மறுநாள். அதை மட்டும் சொன்னாப் போதும். உங்களைக் கும்புடறேன்."

வெள்ளிங்கிரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கீபோர்டு உங்களதுங்க அக்கா."